ஒரே மாடுகள், இரண்டு விண்ணப்பங்கள்

ஏப்ரல் 7, திங்கள்

இந்த வருடம் சேர்க்கைக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் வெகு காலமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். இதுவரை சேர்க்கை முடிந்த பிறகுதான் என்னிடம் வருவார்கள், எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர், சராசரி என்ன என்று கேட்டுக்கொண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

அறிவியல் பட்டப்படிப்புக்கு அறுபது இடம். விண்ணப்பம் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. நுழைவுத் தேர்வுக்குப் பாதி மதிப்பு. மாணவர் தானே செய்த ஒரு சிறு ஆய்வுக்கும் நேர்காணலுக்கும் மீதிப் பாதி. தேர்வில் அறுபதுக்குக் கீழே வாங்கியவர்களை நேர்காணலுக்குக் கூப்பிட டீன் தனியாக அனுமதி தர வேண்டும். ஒவ்வோர் ஆய்வையும் இரண்டு பேர் படித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்புப் போடுவோம். என்னோடு படிப்பவர் இயற்பியல் துறை பெனடிக்ட்.

இன்று படித்த இருபதில் ஆறு பேர் செயற்கை நுண்ணறிவால் புற்றுநோயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பதினேழு வயது. முன்னுரைகள் அக்கா தங்கை மாதிரி இருந்தன. ஆய்வு எழுதித் தரச் சென்னையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பெனடிக்ட் சொன்னார். சில இடத்தில் தவணை வசதிகூட உண்டாம்.

மிக்ஸி ஜாரில் கசிவு. வாஷர் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 9

மாலையில் ஒன்று படித்தேன். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பெயர் ஷமீமா. ஊர் கடையநல்லூர். கேள்வி இதுதான்: சாயங்காலமானால் மாடுகள் ஏன் சாலையில் வந்து படுத்துக்கொள்கின்றன? பக்கத்திலேயே மண் தரை, காலி மனை, புல் எல்லாம் இருக்கும்போது, லாரி போகிற இடத்தில் ஏன்?

நானும் எத்தனை தடவை காரில் காத்துக் கிடந்திருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை.

அவள் இரண்டு காரணங்களை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று, வெயிலில் காய்ந்த தார் மாலையிலும் சூடாக இருக்கும், அந்தக் கதகதப்புக்காக. இன்னொன்று, வண்டிகள் போகிற காற்றில் ஈ மொய்க்காது என்பதற்காக. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, இரண்டு ஊர்களில், தினமும் மாலை ஆறரைக்கு எண்ணியிருக்கிறாள். கொரோனா காலத்தில் எல்லார் நெற்றியிலும் காட்டினார்களே ஒரு துப்பாக்கி, அதைத் தார்மேல் காட்டி வெப்பம் எடுத்திருக்கிறாள். மாட்டின் விலாவைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, ஈக்களை எண்ணியிருக்கிறாள். நிற்கிற மாடு கணக்கில் இல்லை. கன்றுக்குட்டியும் இல்லை, அது தாய் இருக்கிற இடத்தில்தான் இருக்கும் என்பதால்.

அந்தக் கன்றுக்குட்டி வாக்கியத்துக்காகவே ஒன்பது போட்டேன்.

பிறகுதான் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

ஏப்ரல் 10

ரயில்வே கேட் தாண்டி எட்டு மாடு படுத்திருந்தன. ஹாரன் அடிக்கப் போன என் கணவர் தணிகாசலத்தின் கையைப் பிடித்துவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 16

மானம் போயிற்று.

இன்று கார்குழலி என்ற பெண்ணின் விண்ணப்பம் வந்தது. ஊர் ஒட்டன்சத்திரம், தேர்வில் தொண்ணூற்றொன்று. ஆய்வு: மாடுகள் ஏன் சாலையில் படுக்கின்றன. வார்த்தைகள் வேறு, அட்டவணைகள் அச்சு அசலாக அதே. செப்டம்பரில் ஒரு நாள் ‘ஊர்வலம், எண்ணவில்லை’ என்ற குறிப்பு ஷமீமாவிடம் இருந்தது, இதிலும் இருக்கிறது. முடிவும் ஒன்றே: முக்கியக் காரணம் தாரின் சூடு.

பெனடிக்டிடம் காட்டினேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “முதல்ல வந்த பொண்ணு ஒரே நாள் ஆறரை மணிக்கு ரெண்டு ஊர்லயும் எப்படி எண்ணினா?” என்று கேட்டார்.

இரண்டு ஊர், ஒரே நேரம். புள்ளியியல் ஆசிரியை நான். அதைக் கவனிக்காமல் ஒன்பது போட்டிருக்கிறேன். அவர் ஆறு போட்டிருந்தார். காரணம் கேட்டதற்கு, “ஏதோ இடிச்சுது, என்னன்னு தெரியலை” என்றார்.

ஏப்ரல் 17

டீன் சௌந்தரபாண்டியன் சாரைப் பார்த்தோம். விதி தெளிவாக இருக்கிறது, ஒரே ஆய்வு இரண்டு பேரிடம் வந்தால் இரண்டையும் எடுத்து வைத்துவிட வேண்டும் என்றார். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தெரியாமல் எப்படி எடுத்து வைப்பது என்று கேட்டேன். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றார். ஆகப்போவதற்காக இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு ஒரு வாரம் கொடுத்தார்.

வாஷர் கிடைத்தது. அளவு வேறு.

ஏப்ரல் 21, திங்கள்

முதலில் ஒட்டன்சத்திரத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கார்குழலியின் அப்பா. காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். பின்னால் ஏலச் சத்தம். பல்கலைக்கழகம் என்றதும் சத்தத்தை விட்டு எங்கோ வெளியே வந்து, பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

கடையநல்லூர் ஷமீமாவைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். வைத்துவிட்டேன். ஒரு காப்பி குடிப்பதற்குள் அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

“மேடம், பொய் சொல்லிட்டேனுங்க. அவ பேரச் சொன்னா அவளுக்கும் சேர்த்துப் போயிருமோன்னு பயந்துட்டேன். மார்க்கெட் ரோட்டு மாடெல்லாம் நான் எண்ணுனது. கடையநல்லூர் மாடு அவ எண்ணுனது. ஈயும் அவதானுங்க.”

அடுத்து ஷமீமா. அவளிடம் நான் சுற்றி வளைக்கவில்லை, அவளும் வளைக்கவில்லை.

“ஒட்டன்சத்திரம் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது மேடம். அது குழலி ஊரு. துப்பாக்கியும் அவ வாப்பா மண்டியில கெடந்தது. எங்கிட்ட போன்தான் உண்டு. அதான் நான் ஈ எண்ணுனேன்.”

இருவருக்கும் பழக்கம் ஒரு இணைய வகுப்பில். நுழைவுத் தேர்வுக்கான இலவச வகுப்பு. ஒரு நாள் ஆசிரியர் வரத் தாமதமானபோது, தான் டியூஷனிலிருந்து வரும்போது மாடு மறித்துவிட்டது என்று ஒருத்தி எழுத, எங்கள் ஊரிலும்தான் என்று மற்றவள் எழுத, அப்படி ஆரம்பித்தது. ஐந்து மாதம் தினமும் போனில் பேசியிருக்கிறார்கள். நேரில் பார்த்ததே இல்லை.

பிறகு ஏன் ‘நான் எண்ணினேன்’ என்று இருவருமே எழுதினீர்கள் என்று கேட்டேன். ‘நாங்கள்’ என்று போட்டால் மற்றவர் யார் என்று கேட்பார்கள், பாதி மதிப்புத்தான் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்களாம். நாலாயிரம் விண்ணப்பத்தில் இரண்டையும் ஒரே ஆள் படிக்க மாட்டார் என்பது குழலியின் கணக்கு. இருவருக்கும் இடம் கிடைத்தால் விடுதியில் ஒரே அறை கேட்பது என்பது ஷமீமாவின் திட்டம்.

உழைப்பு இருவருடையது. பொய் ஒரே ஒரு சொல். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 23

டீனிடம் எல்லாம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். இருவரும் நடந்ததை எழுதித் தர வேண்டும், இரண்டு விண்ணப்பத்திலும் இரண்டு பெயரும் சேர்க்கப்படும். இருவரையும் நேர்காணலுக்கு, ஒரே நாளில் கூப்பிடச் சம்மதித்தார். ஷமீமாவின் ஐம்பத்தெட்டுக்குத் தனி அனுமதியும் தந்தார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். இதற்கு முன் இப்படித் தனி அனுமதியில், மதிப்பெண் குறைந்தும் ஆய்வு நன்றாக இருந்ததால் சேர்ந்தவர்கள், பிறகு எப்படிப் படித்தார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதை யாரும் இதுவரை பார்த்ததில்லையாம்.

மே 2

பார்த்தேன். ஐந்து வருடத்தில் மொத்தமே பதினொரு பேர்.

முதல் வருடத்தில் எல்லோரும் சராசரிக்குக் கீழே. இரண்டு பேர் தோற்றே போயிருக்கிறார்கள், பிறகு எழுதித் தேறினார்கள். மூன்றாம் வருடத்தில் ஏழு பேர் சராசரிக்கு மேலே. பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். பதினொன்றில் ஏழு, நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் வரும்.

நுழைவுத் தேர்வு மதிப்பெண் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். அதற்கு ஏறக்குறைய முந்நூறு பேர் இருக்கிறார்கள். முதல் வருட மதிப்பெண்ணை அது ஓரளவு முன்கூட்டிச் சொல்கிறது. மூன்றாம் வருடத்துக்கு வரும்போது அதன் குரல் தேய்ந்துவிடுகிறது. ஆனால் முந்நூறு பேர் இருப்பதால், தேய்ந்த குரலையும் நம்ப முடிகிறது.

சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

மே 9, வெள்ளி

காத்திருப்பு அறைக்கு நான் போக வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனேன்.

ஷமீமாவும் அவள் உம்மாவும் ஜன்னல் பக்கம். அவளுடைய வாப்பா சவுதியில், தம்மாமில் வேலை செய்கிறார். உம்மா போனை நெஞ்சோடு பிடித்திருந்தார், அவருக்கு அவ்வப்போது செய்தி சொல்ல வேண்டுமாம். கார்குழலியும் அப்பாவும் எதிர்க் கோடியில். நடுவில் முப்பது பேர். இரண்டு பெண்களும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மற்றவள் இனிமேல்தான் வருவாள் என்பது போல. அப்போது குழலி எழுத்தரிடம் போய், தன் பெயர் எத்தனையாவது என்று கேட்டாள். குரல் கேட்டு ஷமீமா தலையைத் திருப்பினாள். எழுந்து நேரே அவள் முன்னால் போய் நின்றாள்.

“நீ இவ்வளவு ஒசரமாடி?” என்றாள்.

குழலி ஷமீமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கூப்பிடும் வரை விடவில்லை.

தனித்தனியாகக் கேட்டோம். குழலி ஒழுங்காக, நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். ஷமீமாவிடம் நான் கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டேன்; பெனடிக்ட் ஒரு எளிய இயற்பியல் கணக்குக் கொடுத்தார். பாதியில் நின்றாள். தெரியவில்லை என்று சொன்னாள். ஆனால் போகும்போது, தார் ஏன் மண்ணைவிட மெதுவாக ஆறுகிறது என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறதா என்று கேட்டாள். ஏறக்குறைய அதேதான் என்றார் பெனடிக்ட். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

கடைசியில் இருவரையும் சேர்த்து உட்காரவைக்கலாமா என்று கேட்டேன். டீன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

முடிவை யார் எழுதியது என்று கேட்டேன். குழலி, தான் என்றாள். உனக்கும் அதே முடிவுதானே என்று ஷமீமாவிடம் கேட்டேன்.

“இல்ல மேடம்.”

குழலி திரும்பிப் பார்த்தாள். இது அவளுக்கும் செய்தி.

“சூடுதான் காரணம்னா, சூடு கூடுன அன்னைக்கு மாடும் கூடுதலாப் படுக்கணும்லா. அவ ஊருல அப்படித்தான் இருக்கு. எங்க ஊரு கணக்கு அப்படி இல்ல. பஸ் ஸ்டாண்டு தாண்டி, வண்டி வேகமாப் போற எடத்துலதான் கூட்டம். ஈயும் அங்கதான் கொறவு.”

“உங்க ஊருல நீ சூடே பாக்கலையே,” என்றாள் குழலி.

“நீ ஈயே பாக்கலையே.”

“அப்ப ஏன் சரின்னு சொன்ன?”

“நீ தொண்ணூறு வாங்குறவ. நீ சொன்னாச் சரியா இருக்கும்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு எங்கள் மூவரையும் அவர்கள் மறந்துவிட்டார்கள். குழலி என் பேனாவை எடுத்து, டீனுடைய தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டாள். ஷமீமா அதை அடித்தாள். ஒரே ஊரில் இரண்டையும் அளந்திருக்க வேண்டும் என்பதில் வந்து நின்றார்கள். ஐந்து மாதம் எண்ணியும் இதை யோசிக்கவில்லையே என்று குழலி தலையில் கை வைத்தாள். டீன் தாளைத் திரும்பக் கேட்கவே இல்லை. பெனடிக்ட் ஆறை அடித்துவிட்டு ஒன்பது போட்டதை நான் பார்த்தேன்.

மே 12, திங்கள்

குழு கூடியது. கார்குழலிக்கு எந்தக் கேள்வியும் இல்லை; பதினாலாவது இடம். ஷமீமா எல்லாம் கூட்டியும் முதல் அறுபது பேருக்குள் வரவில்லை. டீன் தன் பொறுப்பில் நிரப்பக்கூடிய ஓர் இடம் மீதி இருந்தது. பெனடிக்ட் அதை ஷமீமாவுக்குக் கேட்டார். டீன் என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பொண்ணை எடுக்க எனக்கும் ஆசைதான்மா. ஆனா எண்பது, எண்பத்தஞ்சு வாங்கி வெளியில நிக்கிறவங்க கேப்பாங்க. இப்படி வர்ற பிள்ளைங்க பின்னாடி நல்லா வருவாங்கன்னு நம்ம கணக்கு சொல்லுதுன்னா, நான் தைரியமாப் பதில் சொல்லுவேன். சொல்லுதா?”

ஏழு பேர் மேலே வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

“சொல்லலை சார். தெரியலைன்னுதான் சொல்லுது,” என்றேன்.

தெரியாததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று டீன் கேட்டார், கோபமில்லாமல். இப்படிப்பட்டவர்களை எடுக்காமலே இருந்தால் எப்போதுமே தெரியாது என்றேன். அதுவும் நியாயம்தான் என்றார். ஆனாலும் அந்த இடம் வரிசையில் அடுத்த பையனுக்குப் போனது. ஷமீமா காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது.

இரவு சாப்பாடு வேண்டாம் என்று சொன்னேன். மதியம் அதிகம் சாப்பிட்டிருக்க வேண்டும்.

மே 13

விடைத்தாள் திருத்தினேன்.

மே 28

சேர்க்கை அலுவலகத்தில் ஒரு வேலை. அப்படியே பட்டியலையும் பார்த்தேன். இடம் கிடைத்தவர்களில் ஒருவர் விலகியிருக்கிறார்.

ஜூன் 4

அதே அலுவலகம். நகல் எடுக்கும் இயந்திரம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. இரண்டாவது ஆளும் விலகிவிட்டார். இனி ஒருவர் போதும்.

ஜூன் 11

என் துறையிலேயே புது இயந்திரம் வந்துவிட்டதே, எதற்கு இவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று எழுத்தர் கேட்டார்.

ஜூன் 16, திங்கள்

பட்டியலை மூடிவிட்டார்கள். இன்னொருவர் விலகவில்லை.

ஷமீமாவுக்கு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போகும். இருந்தாலும் நானே கூப்பிட்டேன். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய்வரப் போகிறேன் என்றாள். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள் என்று நினைத்து, பதிலை யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது, பெனடிக்ட் சாருடைய கணக்கைப் போட்டுவிட்டேன், விடையை யாரிடம் காட்டுவது என்று. அவருடைய எண்ணைக் கொடுத்தேன்.

மாலையில் பாத்திர அலமாரி முழுவதையும் இறக்கிக் கழுவினேன். தணிகாசலம் கூடவே துடைத்து அடுக்கினார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. உழைத்துவிட்டு வந்த பெண் விஷயத்தில் நான் டீனிடம் உண்மையைத்தானே சொன்னேன் என்று ஏனோ அவரிடம் சொன்னேன். எந்தப் பெண் என்றார்.

ஜூலை 8

வகுப்புகள் தொடங்கி ஒரு வாரம். இன்று கார்குழலி என் அறைக்கு வந்தாள். விடுதி பிடித்திருக்கிறதா என்றேன். அறையில் கூட இருக்கும் பெண் நல்லவள்தான், ஆனால் மாடு என்றாலே சிரிக்கிறாள் என்றாள். கையில் போன். மறுமுனையில் ஷமீமா.

கடையநல்லூரில் சாரல் தொடங்கிவிட்டதாம். குழலி தன் துப்பாக்கியை அவளுக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். இப்போது ஷமீமா சூடும் பார்க்கிறாள், ஈயும் பார்க்கிறாள். வெயிலே இல்லாததால் தார் சூடாகவும் இல்லை. மழைக்காற்றில் ஈயும் அவ்வளவாக இல்லை. ஆனால் மாடு முன்னைவிட அதிகமாகச் சாலையில் படுத்திருக்கிறது.

“சுத்தி இருக்குற மண்ணெல்லாம் சகதி மேடம். ரோடு மட்டுந்தான் சீக்கிரம் காயுது. ஈரம் இல்லாத எடம்னுதான் வந்து படுக்குதோன்னு தோணுது. சூடும் இல்ல, ஈயும் இல்ல. ரெண்டு பேருமே தப்பு.”

அவள் குரலில் வருத்தத்தைத் தேடினேன். ஒரு துளி இல்லை.

குழலி விஷயத்துக்கு வந்தாள். ஒட்டன்சத்திரத்தில் இந்த மாதம் மழை கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே கோவைப் பக்கம் சாரல் அடிக்கிறது. மூன்றாவது ஊர் ஒன்று வேண்டும். விடுதியில் ஆறு மணிக்கு மேல் வெளியே விட மாட்டார்கள்.

நான் யாரையாவது ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

“வேற ஆளு வேண்டாம் மேடம்,” என்றாள் ஷமீமா. “நீங்கதான் அன்னைக்குக் கன்னுக்குட்டியைப் பத்திக் கேட்டீங்க. வேற யாருமே அதைக் கேக்கல. நிக்கிற மாட்ட எண்ணிராதீங்க. ஒரே எடத்துல நின்னு எண்ணணும். நடந்துக்கிட்டே எண்ணுனா ரெண்டு தடவ எண்ணிருவீங்க.”

குழலி அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி என் மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஜூலை 10, வியாழன்

ஆறரை மணி, ரயில்வே கேட். மெல்லிய சாரல். தணிகாசலம் குடை பிடித்தார். நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. டீக்கடைக்காரர் மாடு தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, எண்ணுகிறோம் என்று தணிகாசலம் பெருமையாகச் சொன்னார்.

படுத்திருந்தவை பத்தொன்பது. சாலையில் பதினாறு. ஆனால் ஷமீமா சொன்னபடி இல்லை. சாலையும் நன்றாக நனைந்திருந்தது, மாடுகளுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி, பூட்டிய கடையின் கூரைக்குக் கீழே அகலமாகக் காய்ந்த சிமெண்டுத் தரை. அதில் ஒன்றுகூட இல்லை.

மூன்று தடவை எண்ணிவிட்டு அங்கிருந்தே அனுப்பினேன். கூரைக்குக் கீழே இருந்த காலி இடத்தையும் படம் எடுத்து அனுப்பினேன்.

வீடு வந்து சேர்வதற்குள் ஷமீமாவின் பதில் வந்துவிட்டது.

“அப்ப இதுவும் தப்பு மேடம். நல்லதாப் போச்சு. நாளைக்கும் எண்ணுங்க.”